கபாசிட்டருக்குக் கால் வைத்தது கண்டுபிடிப்பா?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விசைப்படகுகளுக்கு எல்இடி விளக்கின் டிரைவர் போர்டு செய்து கொடுப்பவர். என்ஜின் அதிர்வில் போர்டிலுள்ள செராமிக் கபாசிட்டர் விரிசல் விட்டு ஷார்ட் ஆகிக்கொண்டே இருந்ததாம். அதனால் கபாசிட்டரைப் போர்டில் நேராகப் பற்றவைக்காமல், இரண்டு பக்கமும் உலோகக் கால் வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். ஒரு கால் தடிமனாக, நேராக இருக்கும். இன்னொன்று மெல்லியது, வளைந்தது. அடியில் கொஞ்சம் சிலிகான். இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கிண்டி காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. டி1 என்ற பழைய ஆவணத்தில் உலோகக் கால் இருக்கிறது, டி2-வில் சிலிகான் இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றும் என்பது காரணம். "அவ்வளவு எளிது என்றால் எனக்கு முன்னால் காசிமேட்டில் ஏன் ஒருத்தரும் செய்யவில்லை? மேல்முறையீடு போனால் ஜெயிப்பேனா?" என்று கேட்கிறார்.

தம்பி, மறுப்பு ஆணை, டி1, டி2, உங்கள் விவரணம் (கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுத்தது) நான்கையும் படித்தேன். ஜெயிக்க வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற வழி அது இல்லை.

முதலில் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "முன்னால் ஏன் ஒருத்தரும் செய்யவில்லை" என்பது நியாயமான கோபம்தான், ஆனால் தனியாக நிற்காது. யாருக்கும் தேவைப்படாததாலும் ஒருத்தரும் செய்யாமல் இருந்திருக்கலாம். அதோடு, சட்டம் காசிமேட்டோடு நிற்பதில்லை. உலகத்தில் எந்த மூலையில் வெளியான ஆவணமும் கணக்கில் வரும். நான் காப்புரிமை ஏஜென்டான புதிதில் இதே தவறைச் செய்தேன். ஒரு ரிலே காயில் வடிவமைப்புக்காக விசாரணைக்குப் போய், இருபது நிமிஷம் அந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு அருமையானது, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்றே பேசினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், டி1-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்றார். என்னிடம் ஒரு வரி பதில் இல்லை. தோற்றேன், தோற்க வேண்டிய வழக்குதான்.

சட்டத்தில் இருப்பது ஒரு சின்ன வாக்கியம். 1970-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு. ஏற்கெனவே இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பலர் முதல் பாதியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டு நின்றுவிடுகிறார்கள். சண்டை முழுக்க இரண்டாவது பாதியில்தான்.

யார் இந்தத் துறை தெரிந்தவர்? நீங்களும் இல்லை, நானும் இல்லை, அந்த அதிகாரியும் இல்லை. சட்டம் கற்பனையில் உருவாக்கிய ஆள். அந்தத் துறையில் வெளியான எல்லா ஆவணமும் எல்லா டேட்டாஷீட்டும் அவர் மேஜையில் இருக்கும். கைவேலை தெரியும். ஆனால் பொறி தட்டாது. வழக்கமாக ஒரு நல்ல டெக்னீஷியன் எதைச் செய்து பார்ப்பாரோ அதை மட்டும் செய்வார். உங்கள் போர்டை அவர் போட்டிருப்பாரா என்பதுதான் கேள்வி. போட்டிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. சோல்டரிங் அயர்ன் இருந்தால் எதையும் எதோடும் சேர்க்க முடியும். சேர்க்க அவருக்கு ஒரு காரணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "மூன்று கண் உண்டு, சிவனில்லை, உள்ளே நீருண்டு, குளமில்லை" என்று விடுகதை போட்டால் குழந்தை திணறும். தேங்காய் என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷமே "இது தெரியாதா" என்று சிரிக்கும். உங்கள் விண்ணப்பத்தை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு தேடலில் உட்காரும் அதிகாரிக்கும் அதே நிலைமைதான். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு விடுகதையைப் படிக்கிறார். வேண்டுமென்று செய்வதில்லை, வேலையின் அமைப்பே அப்படி. அதனால்தான் ஆணையில் காரணம் எழுதச் சொல்லி நீதிமன்றங்கள் வற்புறுத்துகின்றன.

மூன்று பழைய வழக்குகளைச் சொல்கிறேன். உங்கள் வழக்கு இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது.

ஒன்று நம் ஊர்ச் சரக்கு. மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் கடைசல் பிடிக்கும்போது பாத்திரம் லேத்திலிருந்து நழுவாமல் பிடிக்க ஒரு கருவி செய்து, 1950-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார்கள். அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: பிஸ்வநாத் பிரசாத் வழக்கு. லேத்தில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி வைத்ததுதான் இது, பட்டறையில் வேலை செய்கிற யாரும் செய்யக்கூடிய முன்னேற்றம் என்று சொல்லிக் காப்புரிமையை ரத்து செய்தார்கள். பழைய பொருள்களைச் சேர்த்தால் புதிய விளைவு வர வேண்டும், அல்லது பொருள் முன்பைவிட மேலானதாகவோ மலிவானதாகவோ ஆக வேண்டும் என்ற அளவுகோல் அங்கிருந்து வருகிறது. இன்றைக்கும் எல்லா மறுப்பு ஆணையிலும் இந்த வழக்கின் நிழல் இருக்கும்.

இரண்டாவது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்த்த கேஎஸ்ஆர் வழக்கு. இது எலக்ட்ரானிக் உறுப்பு பற்றியது, அதனால் நமக்கு நெருக்கம். காரின் ஆக்சிலரேட்டர் பெடலை ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தலாம்; அதில் ஒரு எலக்ட்ரானிக் சென்சார் வைக்க வேண்டும். எங்கே வைப்பது? கண்டுபிடித்தவர் நகராத அச்சில் வைத்தார். அதற்கு முந்தைய ஒரு பெடலில் சென்சார் பாதம் படும் பலகையிலேயே இருந்ததால், பெடல் அசையும்போதெல்லாம் ஒயர் உராய்ந்து தேய்ந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. அசையாத பாகத்தில் வை என்று இன்னொரு ஆவணம் முன்பே சொல்லியிருந்தது. கார்களெல்லாம் கேபிளை விட்டு எலக்ட்ரானிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம் வேறு. இவ்வளவு இருக்கும்போது அந்த இடத்தில் வைப்பது எளிதில் தோன்றுவதுதான் என்று நீதிமன்றம் முடித்தது. துறை தெரிந்தவர் இயந்திரம் இல்லை, சாதாரணக் கற்பனை அவருக்கும் உண்டு என்றும் சொன்னது.

படகில் ஒயர் உராய்ந்து தேய்வதைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். பெடல்காரர் தோற்றது சரியா தவறா என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. 1966-இல் அதே நீதிமன்றம் தீர்த்த ஆடம்ஸ் பேட்டரி வழக்கு. ஒரு பக்கம் மெக்னீசியம், மறுபக்கம் குப்ரஸ் குளோரைடு. வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ ஊற்றினால் மின்சாரம் வரும். இரண்டு பொருளும் பேட்டரித் துறையில் தெரிந்தவைதான். ஆனால் ஆடம்ஸ் காட்டியபோது ராணுவத்தின் நிபுணர்கள் நம்பவில்லை. பிறகு போர்க்காலத்தில் அவருக்குச் சொல்லாமலேயே அதே பேட்டரியை வாங்கிப் பயன்படுத்தியது அரசாங்கம். வழக்கில் "இது எளிதில் தோன்றுவது" என்று அதே அரசாங்கம் வாதாடியது! நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருடையது போல, சுற்று திறந்திருக்கும்போதும், அதாவது எதோடும் இணைக்காதபோதும், ஓடிச் சூடாகும் பேட்டரி பயன்படாது என்றுதான் துறையில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையே யாரையும் அந்தப் பக்கம் போகவிடாது. போன மனிதர் கண்டுபிடித்தார்.

இந்தத் தீர்ப்புகளில் அமெரிக்க இரண்டும் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக் காட்டலாம், காது கொடுத்துக் கேட்பார்கள்.

இப்போது உங்கள் போர்டு. ஏஜென்டாவதற்கு முன் நான் சோதனை பெஞ்சில் இருந்தவன், அதனால் இந்தக் கோளாறு எனக்குப் பழக்கம். செராமிக் கபாசிட்டரின் உள்ளே பேரியம் டைட்டனேட் அடுக்கு அடுக்காக இருக்கும். பீங்கான் மாதிரிதான், அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. 1206 அளவு என்றால் 3.2 மில்லிமீட்டர் நீளம், 1.6 அகலம், அவ்வளவுதான். போர்டு லேசாக வளைந்தால் ஈயப் பற்று முடியும் விளிம்பில், அடிப்பக்கத்தில் ஒரு முடி மாதிரி விரிசல் தொடங்கி, ஏறக்குறைய 45 டிகிரியில் உள்ளே ஏறும். வெளியிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பல சமயம் தெரியாது. மீட்டரில் சரியாகவே காட்டும். பிறகு கடல் ஈரம் உள்ளே இறங்கி, ஒரு நாள் கரைக்கு வரும் வழியில் விளக்கு அணையும். போர்டைப் பிரித்தால் அந்த இடம் கருகியிருக்கும்.

இதற்கு உலோகக் கால் வைத்த கபாசிட்டர் சந்தையில் பல காலமாக இருக்கிறது. அதனால் "கால் வைத்தேன்" என்று நீங்கள் வாதாடினால் வழக்கு அன்றே முடிந்தது. சிலிகானையும் விட்டுவிடுங்கள். ஆடும் பாகத்துக்கு அடியில் சிலிகான் வைப்பது எந்த டெக்னீஷியனுக்கும் கை தானாகப் போகும் இடம். அதைக் கோரிக்கையின், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியின், தலையில் வைத்ததுதான் உங்கள் வழக்கைக் கெடுத்தது. எழுதிக்கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, நீங்களே அதைத்தான் பெரிதாகச் சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் சரக்கு நான்காவது கோரிக்கையில் ஒளிந்துகொண்டிருக்கிறது: ஒரு கால் தடி, ஒரு கால் மெல்லியது. டி1-ஐ முழுக்கப் படித்தேன். அதில் இரண்டு காலும் ஒரே அளவு. தற்செயலாக இல்லை, கபாசிட்டர் சாயாமல் மட்டமாக நிற்க இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அந்த ஆவணமே ஒரு பத்தியில் சொல்கிறது. அதாவது டி1-ஐக் கையில் வைத்திருக்கும் டெக்னீஷியன், கால்களை வேறு வேறாக ஆக்குவதை விட்டு விலகித்தான் போவார். உங்கள் விவரணமோ நேர் எதிராகப் பேசுகிறது: இரண்டும் மெல்லியதாக இருந்தால் கபாசிட்டர் ஊஞ்சலாடும், கால் களைத்து முறியும், இரண்டும் தடியாக இருந்தால் போர்டின் வளைவு நேராகப் பீங்கானுக்குப் போகும், ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. பதினோராவது பக்கத்தில் இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆணை இதற்கு என்ன சொல்கிறது? "கால்களின் தடிமனை மாற்றுவது வெறும் வடிவமைப்புத் தேர்வு." அவ்வளவுதான். ஏன் வெறும் தேர்வு, டி1 வேண்டாம் என்று சொன்னதை ஒருவர் ஏன் செய்வார், ஒரு சொல்லும் இல்லை. மேல்முறையீட்டில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: முன்பு இருந்தது என்ன, இப்போது கேட்பது என்ன, துறை தெரிந்தவருக்கு இது எப்படி எளிதில் தோன்றும் என்ற மூன்றையும் பேசாமல், தோன்றும் என்று முடிவை மட்டும் எழுதி மறுக்கக் கூடாது. 2015-இல் ரோஷ் – சிப்லா வழக்கில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு படிப்படியான சோதனை ஒன்றையும் வகுத்திருக்கிறது. உங்கள் ஆணையில் மூன்றாவது விஷயம் காலி. ஆணை 3(எஃப்) பிரிவையும் சேர்த்திருக்கிறது, தெரிந்த பாகங்களைச் சும்மா அடுக்கி வைத்தது என்று. அந்தப் பிரிவு, ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகத் தன் வழக்கமான வேலையைச் செய்யும்போதுதான் பொருந்தும். உங்களுடையதில் தடிக்கால் இல்லாமல் மெல்லிய காலுக்கு வேலையே இல்லை. சிலிகானை விட்டால் இந்த ஆட்சேபமும் பாதி கரைந்துவிடும்.

எதிர்த்தரப்பு என்ன பேசும் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதிர்ச்சி ஆகக் கூடாது. நானாக இருந்தால் பாலத்தைப் பற்றிப் பேசுவேன். ரயில்வே இரும்புப் பாலத்தில் கர்டரின் ஒரு முனையைப் பிணைத்திருப்பார்கள், மறுமுனையை உருளையின் மேல் விட்டிருப்பார்கள். வெயிலில் இரும்பு நீண்டால் போக இடம் வேண்டுமே. பெரம்பூர் வேலைக்காரர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "ஒன்று பிடிக்க, ஒன்று விட" என்பது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அறிவு என்று ஒருவர் வாதாடினால் அது நல்ல வாதம். பதில் இருக்கிறது: பாலத்தில் பிரச்சினை வெப்பத்தால் நீள்வது, உங்களுக்கு என்ஜின் அதிர்வு, 3 மில்லிமீட்டர் கபாசிட்டரைப் பொருத்துகிறவர் பாலம் கட்டும் புத்தகத்தைத் தேடிப் போக மாட்டார். ஆனால் இது உறுதியான பதில் என்று சொல்ல மாட்டேன். நல்லவேளை, ஆணையில் பாலம் இல்லை. மேல்முறையீட்டில் முதலில் சோதிக்கப்படுவது ஆணையில் எழுதியிருக்கும் காரணம்.

அப்புறம், என்ன சேர்க்கலாம், என்ன சேர்க்கக் கூடாது. 59-ஆம் பிரிவுப்படி கோரிக்கையைக் குறுக்கலாம், விரிக்க முடியாது. விவரணத்தில் இல்லாத புது விஷயத்தை நுழைக்கவும் முடியாது. நான்காவது கோரிக்கையை முதலாவதோடு சேர்த்து ஒன்றாக்குவது குறுக்கல்தான், செய்யலாம். அதிர்வு மேஜையில் மூன்று வகையையும் (இரண்டும் மெல்லியது, இரண்டும் தடி, உங்களுடையது) வைத்துச் சோதித்து முடிவை எடுத்து வையுங்கள். அந்த இரண்டு வரியில் சொன்ன பலனுக்குத் துணையாகக் காட்டிப் பேசலாம். அந்த வரியே இல்லாமல் இருந்திருந்தால் சோதனை எவ்வளவு நன்றாக வந்தாலும் பயன் குறைவு.

நடைமுறை எளிது. 117ஏ பிரிவின் கீழ் ஆணைத் தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்கு மேல் போனால் நீதிமன்றத்தின் தயவு. முன்பு இதெல்லாம் தேனாம்பேட்டையிலிருந்த மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும். தொழில்நுட்ப உறுப்பினர் இல்லாமல் காப்புரிமை வழக்குகள் அங்கே நெடுநாள் தூங்கின. 2021 ஏப்ரலில் வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். இப்போது சென்னை உயர் நீதிமன்றம். 2023-இலிருந்து அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உங்களுக்கு இது லாபம், காசிமேட்டிலிருந்து உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனை எத்தனை தூரம்? ஏஜென்ட் என்ற முறையில் நான் கிண்டி அலுவலகம் வரைதான் பேச முடியும், உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வேண்டும். தம்பு செட்டித் தெருவில் மாடிக்கு மாடி வழக்கறிஞர்தான், ஆனால் காப்புரிமை பார்ப்பவராகத் தேடுங்கள். போர்டு ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கபாசிட்டரின் காலை விரலால் அசைத்துப் பார்த்தவர் வாதாடுவதற்கும் படத்தை மட்டும் பார்த்தவர் வாதாடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

ஜெயித்தால் உடனே சான்றிதழ் வரும் என்று நினைக்காதீர்கள். ஆணையில் காரணம் இல்லை என்று நீதிமன்றம் கருதினால், பல சமயம் ஆணையை ரத்து செய்து, வேறொரு அதிகாரி புதிதாகக் கேட்கட்டும் என்று திருப்பி அனுப்பும். அங்கே மறுபடி பேச வேண்டும். பாலம் அப்போது வரலாம்.

கடைசியாக ஒன்று, கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்னது என் தூக்கத்தைக் கெடுத்தது. விண்ணப்பிப்பதற்கு எட்டு மாதம் முன்பே மூன்று படகில் இந்தப் போர்டைப் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆணையில் இது இல்லை, அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு உரிமை கிடைத்த பிறகு, போட்டிக்காரர் ஒருவர் ஒரு வருடத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம், போட்டால் முதலில் கிளறுவது இதைத்தான். நியாயமான சோதனைக்காக, வேறு வழியில்லாமல் வெளியில் வைத்து ஓட்டிப் பார்த்தால், அது முந்தைய ஒரு வருடத்துக்குள் இருந்தால், 32-ஆம் பிரிவு காப்பாற்றும். கடலில் ஓடாமல் படகு விளக்கைச் சோதிக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். விற்றிருந்தால் கதை வேறு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஆணை, முதல் பரிசோதனை அறிக்கை, விசாரணைக்குப் பிறகு கொடுத்த எழுத்து வாதம் எல்லாவற்றோடும் அந்த வருஷத்து பில் புக்கையும் எடுத்து வாருங்கள். அந்த மூன்று படகுக்காரர்களிடமும் காசு வாங்கினீர்களா?